வேம்புலியம்மாளின் போஸ்ட் ஆபீஸ் ரசீது

வேம்புலியம்மாள் தைக்கும் நைட்டியில் பாக்கெட் இருக்கும். பேருக்கு வைத்த பாக்கெட் இல்லை. ஃபோன், சாவிக்கொத்து, சில்லறை எல்லாம் போட்டாலும் ஒரு பக்கமாக இழுக்காத பாக்கெட். அம்பத்தூர் எஸ்டேட்டில் வெளிநாட்டுக்குச் சட்டை தைக்கும் கம்பெனியில் பத்தொன்பது வருடம் மிஷின் மிதித்தவள். எவனோ போடுகிற சட்டைக்கு இரண்டு பாக்கெட் வைக்கிறோமே, நம் நைட்டிக்கு ஒன்றுகூட இல்லையே என்று ஒருநாள் அவளுக்குக் கோபம் வந்ததாம். வேலையை விட்டுவிட்டு, கள்ளிக்குப்பத்து வீட்டிலேயே பாக்கெட் நைட்டி தைத்து ஒரு ஷாப்பிங் ஆப்பில் விற்க ஆரம்பித்தாள்.

நான் பக்கத்து வீடு, வேலுசாமி. ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பத்தோரு வருடம் இருந்தவன். ஒரு திருகாணி வெளியே போனாலும் என் கையெழுத்து வேண்டும். ரிட்டையர் ஆகியும் அந்த மிதப்பு போகவில்லை என்று என் மனைவி ஜெகதாம்பாள் சொல்கிறாள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

வேம்புலியிடம் வாயைக் கொடுத்து மீள்வது கஷ்டம். ஒருத்தி, படத்தில் பார்த்த நிறம் வேறு, வந்த நிறம் வேறு என்று புகார் எழுதினாள். "உங்க ஊட்டு பல்பு மஞ்சளா எரிஞ்சா நான் இன்னா பண்றது? ஜன்னலாண்ட போயி நின்னு பாரும்மா" என்று இவள் பதில் போட்டாள். அந்தப் பெண் ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறாள். பிறகு இன்னும் மூன்று வாங்கினாள்.

ஆனால் 'பார்சல் வரவே இல்லை' என்று எழுதுகிறவர்களிடம் இந்த வாய் செல்லுபடி ஆகாது. அனுப்பியதற்கு ஆதாரம் காட்டு என்று ஆப் கேட்கும். போஸ்ட் ஆபீஸ் ரசீதின் போட்டோவையோ அதில் உள்ள பார்சல் நம்பரையோ கொடுத்தால் கடைக்காரர் பிழைத்தார். கொடுக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். அதோடு கடையின் பேரில் ஒரு கறுப்புப் புள்ளி விழும். மூன்று புள்ளி விழுந்தால் கடையையே மூடிவிடுவார்கள். வேம்புலி ஏற்கெனவே இரண்டு வாங்கியிருந்தாள், ரசீதைக் காய்கறிப் பையோடு தொலைத்ததால். அதற்குப் பிறகு, அன்றன்றைய ரசீது அவள் நைட்டிப் பாக்கெட்டில் போய்விடும்.

ஆவணி மாதம் ஒரு புதன்கிழமை மூன்றாவது புகார் வந்தது. ஓசூரிலிருந்து லாவண்யா என்று ஒரு பெண், பார்சல் வரவில்லை என்று எழுதியிருந்தாள். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் ஆதாரம் போட வேண்டும். அந்த வீட்டில் சம்பாதிக்கிற ஆள் வேம்புலி ஒருத்திதான்; இரண்டு பெண்கள் காலேஜில் படிக்கிறார்கள். கடை போனால் மறுபடி கம்பெனி வாசலில் போய் நிற்க வேண்டும், நாற்பத்தெட்டு வயதில் எவன் எடுப்பான்?

வியாழக்கிழமை காலை ரசீதும் கையுமாக என் வீட்டுக்கு வந்தாள். ரசீது கசங்கிச் சுருண்டு கிடந்தது. எழுத்து இருந்தது, ஆனால் மடிப்பு மடிப்பாக.

"அண்ணாத்தே, இத்த அப்டியே போட்டோ புட்ச்சி போட்டுரட்டா?"

நான் வாயை மூடிக்கொண்டு 'போடும்மா' என்று சொல்லியிருக்கலாம். எங்கே சொன்னேன்?

"ஆதாரம்னா ஆதாரம் மாதிரி இருக்கணும். கசங்கின பேப்பரை எவன் மதிப்பான்? லேமினேஷன் போட்டுட்டு அப்புறம் போட்டோ எடு" என்றேன். தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்த எங்கள் ஆட்கள் வீட்டில் ரேஷன் கார்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட், குலதெய்வத்தின் படம் எல்லாமே லேமினேஷனுக்குள்தான் இருக்கும். அதுதான் பத்திரம் என்று நாங்கள் பழகிவிட்டோம்.

நானே முன்னால் நடந்து யூசுப்பின் ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். அவர் ரசீதைத் தடவிப் பார்த்துவிட்டு, "சார், இந்த பேப்பர்ல சூடு பட்டா..." என்று இழுத்தார்.

"பாய், ஸ்டோர்ஸ்ல முப்பத்தோரு வருஷம். பேப்பரைப் பத்தி எனக்குச் சொல்லாதீங்க. போடுங்க" என்றேன்.

போட்டார். மிஷினுக்குள் வெள்ளையாகப் போன ரசீது, மறுபக்கம் கன்னங்கரேல் என்று வந்தது. பளபளவென்று, ஓரம் மழமழவென்று, ஒரு எழுத்துகூட இல்லாமல். அது மையால் அச்சடித்தது இல்லையாம், சூட்டினால் கறுக்கிற தாளாம். யூசுப் என்னைப் பார்க்காமல் வேறு யாருக்கோ ஜெராக்ஸ் எடுக்கத் திரும்பிக்கொண்டார். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

வேம்புலி அந்தக் கறுப்பு அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "சூப்பரா கீது அண்ணாத்தே. இனிமே கிழியவே கிழியாது" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு ஃபோனில் மணி பார்த்தாள். ஒரு பெண்ணின் பிழைப்பை என் வாய்க்கொழுப்பால் கருக்கிவிட்டேன்.

மத்தியானம் இரண்டு மணிக்கு இருவரும் போஸ்ட் ஆபீசில் நின்றோம். அன்று அனுப்ப வேண்டிய ஆறு பார்சலையும் கட்டைப்பையில் எடுத்துவந்திருந்தாள். கடை இருக்குமோ இருக்காதோ, வாங்கினவங்களுக்குப் போய்ச் சேரணும் இல்ல என்றாள். கவுண்டரில் மதிவதனி என்ற பெண். கறுப்பு அட்டையை வாங்கிப் பார்த்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்.

"நம்பர் இல்லாம என்னால தேட முடியாதும்மா. ஆனா புக் பண்றப்போ அனுப்புறவங்க மொபைல் நம்பர் குடுத்திருப்பீங்களே? அந்த நம்பருக்கு மெசேஜ் போயிருக்கும். பார்சல் நம்பர் அதுல இருக்கும்."

வேம்புலி மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு என் சட்டைப் பையில் இருந்த ஃபோனைப் பார்த்தாள்.

எனக்குப் புரிய அரை நிமிடம் ஆயிற்று. இரண்டு வருடமாக என் ஃபோனுக்கு, 'உங்கள் பார்சல் பதிவு செய்யப்பட்டது' என்று தினமும் ஐந்தாறு மெசேஜ் வந்துகொண்டிருந்தது. நான் பார்சலே அனுப்பாதவன். இது பார்சல் பெயரில் நடக்கும் மோசடி என்று முடிவு கட்டி பிளாக் செய்துவிட்டேன். அதோடு விட்டேனா? தெரு நலச் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று, எச்சரிக்கையாக இருங்கள் என்று இருபது நிமிடம் பேசினேன். முதல் வரிசையில் உட்கார்ந்து பலமாகக் கைதட்டியது இந்த வேம்புலிதான்.

"கைதட்டினியே, பாவி" என்றேன்.

"நல்லா பேசுன அண்ணாத்தே. இல்லன்னு சொல்ல முடியுமா?"

நல்லவேளை, பிளாக் செய்த மெசேஜ்கள் ஃபோனின் ஒரு மூலையில் அப்படியே கிடந்தன. மூவாயிரத்துச் சொச்சம். ஓசூர் பார்சலை அனுப்பிய, பன்னிரண்டு நாளுக்கு முந்தைய தேதியைத் தேடி எடுத்ததும், மதிவதனி அன்றைய நம்பர்களை ஒவ்வொன்றாகத் தட்டி ஓசூருக்குப் போனதைக் கண்டுபிடித்தார். போன சனிக்கிழமையே லாவண்யாவின் வீட்டில் கொடுத்தாயிற்று. வேம்புலி நம்பரை ஆப்பில் ஏற்றினாள். கால் மணி நேரத்தில் புகார் மூடப்பட்டது என்று பதில் வந்தது, கறுப்புப் புள்ளி இல்லாமல். பார்சலை வாங்கிய லாவண்யாவின் கணவர் அதைக் கார் டிக்கியில் போட்டு மறந்துவிட்டார் என்று பிற்பாடு தெரிந்தது.

வேம்புலி அங்கிருந்த பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் கடை பிழைத்ததா, என் மானம் பிழைத்ததா, எதற்கு அதிகம் சந்தோஷப்பட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. ஆனாலும் கேட்காமல் விட முடியுமா?

"உனக்குன்னு ஒரு நம்பர் இல்லையா? என் நம்பரை எதுக்கும்மா குடுத்தே?"

"என் நம்பர குட்த்தா கண்டவனும் லோன் வேணுமான்னு கூப்புடுவான்" என்றாள். இதுதானா காரணம் என்று திட்ட வாயைத் திறந்தேன். அவளே மேலே பேசினாள், குரலைத் தாழ்த்தி.

"அதில்ல அண்ணாத்தே. எங்க ஊட்டுக்காரு துலுக்கானத்துக்கு நெஞ்சு வலி வந்த அன்னிக்கு என் ஃபோன் செத்துப் பூட்ச்சு. ரோட்ல போறவரு ஒருத்தர் அவரு ஃபோன குட்த்தாரு. யாருக்கு அடிக்கிறது? ஒரு நம்பரும் மனசுல வர்ல. கையில ஃபோன வச்சிகினு சும்மா நின்னேன். அப்பறந்தான் உன் நம்பர மனப்பாடம் பண்ணேன். நீ எப்பவும் ஊட்லயே கீறவன். கவுண்டர்ல நம்பர் கேட்டா வாயில அதான் வர்து. இனிமே மாத்திக்கிறேன், வுடு."

துலுக்கானம் இறந்துபோன அன்று நான் வீட்டில்தான் இருந்தேன், மத்தியானத் தூக்கத்தில்.

மதிவதனி ஆறு பார்சலையும் எடை போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"அனுப்புறவங்க மொபைல் நம்பர்?"

வேம்புலி தன் ஃபோனில் தன் நம்பரைத் தேட ஆரம்பித்தாள். நான் அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, கவுண்டரில் குனிந்து என் நம்பரைச் சொன்னேன். பத்து எண்களையும், ஒவ்வொன்றாக.