மறுபாதி ஜெபம்

மேலே பலகை கிறீச்சிட்டால் இன்றும் என் கை தன்னால் வாயைப் பொத்திக்கொள்கிறது. பூனைதான் என்று தெரியும். மலாக்காவின் காஜா பேராங்கில், இந்தத் தகரக் கூரைக்கடியில், நாற்பது வருடமாகப் பூனைகள்தாம் நடமாடுகின்றன. தெரிந்தும் கை இறங்குவதில்லை.

ஜப்பான்காரன் காலத்துக் கிறிஸ்மஸ். எனக்கு ஒன்பது வயது, தங்கைக்கு ஐந்து. சயாமில் ரயில்பாதை போட்டு முடிந்துவிட்டது என்றார்கள். ஆண்களைப் பிடித்து அங்கே கூலி வேலைக்கு அனுப்புவது மட்டும் முடியவில்லை. படகுத்துறையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்த அப்பா, வெளியூர் போய்விட்டதாக அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் பகலெல்லாம் எங்கள் பரணில் படுத்துக் கிடந்தார். அசையாமல், இருமாமல். தகரம் காயும் மத்தியானங்களில் அவர் எப்படி மூச்சு விடுகிறார் என்று பார்க்க, நான் என் மூச்சை அடக்கிப் பார்ப்பேன். பத்து எண்ணுவதற்குள் தோற்றுவிடுவேன்.

அந்த வருடம் புதுத் துணி இல்லை, மாவு இல்லை, சீனி இல்லை. தங்கை அச்சுமுறுக்கு கேட்டு அழுதாள்.

“வயித்துக்குத்தான்டி இந்த வருஷம் கிறிஸ்மஸ் இல்ல. சேசு பாலன் என்ன, முறுக்கு தின்னவா பொறக்குறாரு?” என்றாள் அம்மா.

பண்டிகைக்கு முந்திய ஒன்பது நாளும், இருட்டுவதற்கு முன், சேசு பாலன் குடிலின் முன்னால் முழந்தாளிட்டு முழு ஜெபமாலை, அதுவும் சத்தமாக. குடில் என்பது ஒரு பிஸ்கட் டின்னும் கொஞ்சம் லாலாங் புல்லும்தான். மணிகளைப் பத்துப் பத்தாக உருட்டிச் சொல்வோம். ஒவ்வொரு மணிக்கும் ஜெபத்தின் முதல் பாதி அம்மாவுடையது, மறுபாதி எங்களுடையது. நல்ல காலத்தில் அந்த மறுபாதியை அப்பாவின் கனத்த குரல்தான் இழுத்துக்கொண்டு போகும். இப்போது பரணில் அவருக்கு உதடு மட்டும்.

ஆறாம் நாள், ஜெபத்தின் நடுவே பூட்ஸ் சத்தம். இரண்டு சிப்பாய்கள், கூடவே மொழிபெயர்க்க வந்த தமிழர் ஒருவர். அம்மா எழுந்திருக்கவில்லை.

“வீட்டுக்காரன் எங்கம்மா?”

“ஜாசின் பக்கம் போயிருக்காருங்கய்யா.”

“திங்க ஒண்ணுமில்லாத ஊர்ல கிறிஸ்மஸ் வேறயா?” அந்த ஆள் சிரித்தார்.

“அதனாலதாங்கய்யா ஜெபமாவது இருக்கட்டும்னு.”

ஜெபமாலையைப் பிடித்தபடியே பொய் சொன்ன அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அடுத்த மணியைத் தொட்டு முதல் பாதியைச் சொன்னாள். சிப்பாய்கள் வாசல் பக்கம் திரும்பிவிட்டார்கள். நாங்கள் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். தங்கை அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துவிட்டாள். மிச்சம் நான். வாயைத் திறந்தேன், காற்றுகூட வரவில்லை. அம்மா முதல் பாதியை மறுபடியும் சொன்னாள், இந்தத் தடவை குரல் உடைந்து. நாக்கு மரக்கட்டை. வாசலில் பூட்ஸ் நின்றது. வீடு முழுக்க ஒரு பாதி ஜெபம் தொங்கிக்கொண்டிருந்தது.

மேலேயிருந்து அப்பா பதில் சொன்னார். நிதானமாக, ஒரு வார்த்தை விடாமல், ஆமென் வரைக்கும்.

பழக்கமா? என் மௌனமே எங்களைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று பயந்தாரா? பாதியில் நிற்கும் ஜெபத்தைத் தாங்க முடியவில்லையா? அவரைக் கேட்க எனக்கு வாய்க்கவில்லை. அம்மா சாகும்வரை என்னிடம் அதைப்பற்றி ஒரு சொல் சொன்னதில்லை. அது மன்னிப்பு என்று சில வருடங்கள் நினைத்தேன், தண்டனை என்று சில வருடங்கள். இப்போது என் பேரப்பிள்ளைகள் குடிலுக்கு வண்ணவிளக்கு போட்டுவிட்டுக் கேக் எங்கே என்று கேட்கிறார்கள். வெட்டலாம், ஜெபம் முடியட்டும் என்கிறேன். மறுபாதியை எல்லோரையும் முந்திக்கொண்டு நானே சொல்கிறேன், மிக உரக்க.

அன்று அப்பா பரணிலிருந்து இறங்கி வந்தார், தலையெல்லாம் ஒட்டடை. ஒரு சிப்பாய் அவர் கையைப் பிடித்திருந்தான். நான் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டேன். “என்னாலதான்பா. நான் சொல்லல.” அதற்கு மட்டும் குரல் வந்தது.

அவர் குனிந்தார்.

“உன்னால இல்ல பாப்பா, எனக்குப் பழக்கதோஷம். இந்தப் பத்துல இன்னும் நாலு பாக்கி இருக்கு. அம்மாவோட சொல்லி முடி.”