நான் கல்லென்று சொன்ன கற்கள்

உயிர்க்கல் என்ற சொல்லே முதலில் என்னைக் குழப்பியது. கல்லுக்கு ஏது உயிர் என்று இணையத்தில் தேடினேன். கல்லுக்கு இல்லையாம், அதன் துளைகளுக்குள் குடியிருக்கும் புழு பூச்சிகளுக்கும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகளுக்கும்தானாம். அவைதான் மீன்தொட்டித் தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும். மானிப்பாயில் இருந்துகொண்டு வரவேற்பறையில் கடல்மீன் வளர்க்க ஆசைப்பட்டவனுக்கு இதெல்லாம் வேண்டியதுதான்.

தொண்டைமானாற்றில் தெரிந்த மீனவர் ஒருவர், வலையில் சிக்கி வந்த உடைந்த பவளப்பாறைக் கற்களை எனக்காகக் கடல்தண்ணீரில் போட்டு வைத்திருந்தார். பாரமில்லாததாக, ஓட்டை நிறைந்ததாக, ஊதா நிறம் படிந்ததாகப் பார்த்து ஏழு கற்களை எடுத்தேன். வலையைக் கிழிக்கிற சனியனை இப்படித் தடவித் தடவிப் பார்க்கிற ஆளை இன்றுதான் காண்கிறேன் என்றார் அவர்.

கற்களை உடனே தொட்டியில் வைக்கமுடியாது. வழியில் செத்தவை அழுகும். அவற்றைத் தேய்த்துக் களைந்து, கடல்தண்ணீரை மாற்றி மாற்றி, நாற்றம் நிற்கும்வரை வாரக்கணக்கில் பதப்படுத்த வேண்டும். கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பேசினில் ஊறவைத்தேன். மூன்றாம் நாள் வீடே நாறியது.

ஊர்க்கோயில் கொடியேற்றத்துக்கு அப்போது இரண்டு வாரம் இருந்தது. கொடியேறினால் திருவிழா முடியும்வரை எங்கள் வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் நுழையாது. மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"உது மச்சமோ, கல்லோ?"

உண்மையில் எனக்குத் தெரியவில்லை. சமைக்காத புழு மச்சத்தில் சேருமா? உயிர் என்று சொன்னால் பேசின் அன்றைக்கே தெருவுக்குப் போயிருக்கும். "கல்லுத்தான்" என்றேன்.

பத்தாம் நாள் நாற்றம் அடங்கத் தொடங்கியது. ஒரு காலை, துளையொன்றிலிருந்து நூல் போன்ற கைகளை நீட்டியபடி ஒரு சின்ன நட்சத்திரமீன் எட்டிப்பார்த்தது. மீன் என்று பெயர்தான், மீனும் இல்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் யாரிடம் சொல்வது? வாயை மூடிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

கொடியேற்றத்துக்கு முதல் நாள் வேலையால் வந்தபோது வீடு கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்திருந்தது. கழுவிய சட்டி பானைகளோடு என் ஏழு கற்களும் வெயிலில் வரிசையாகக் காய்ந்தன. கிணற்றுத் தண்ணீரில் மஞ்சள் போட்டுத் தும்புக்கட்டையால் உரஞ்சியிருந்தாள். இனி மணக்காது என்றாள், பெருமையாக.

எல்லாவற்றையும் கொன்றுவிட்டாய் என்று கத்தினேன். அவளுக்கு விளங்கவில்லை. கிணற்றடி வாய்க்காலில், மஞ்சள் தண்ணீரில் கை கழன்று கிடந்த நட்சத்திரத்தைக் காட்டினேன். குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.

"நீங்கள்தானே கல்லெண்டு சொன்னனீங்கள். உயிரெண்டு சொல்லியிருந்தா நான் தொட்டே இருக்கமாட்டன்."

கோபம் வந்த வழியே திரும்பிவிட்டது. அவள் திரும்பவும் தலைக்குக் குளித்தாள். அன்றிரவு சாப்பிடவில்லை.

விடிய, கோயிலுக்குப் புறப்படும்போது கிணற்றடியில் நின்று கேட்டாள்.

"இப்ப உது கல்லுத்தானே? உள்ளுக்கு எடுத்து வைக்கட்டோ?"

ஓம் என்றேன்.