ஆகோ குடிக்காத டீ

இந்த வாரக் கையெழுத்துப் பத்திரிகையில் என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கோயில் வகுப்பில் போன மழைக்காலத்தில்தான் எழுதப் பழகினேன். ஒரு 'ஞ' ஒழுங்காக விழுந்துவிட்டால் அன்றைக்குச் சோறுகூட வேண்டாம் எனக்கு.

செவ்வாய்க்கிழமை அப்படி எழுதிக்கொண்டிருந்தபோது என் மனைவி மெய்லான் ஃபோனை வைத்துவிட்டு, "ஆகோ போயிட்டாரு" என்றாள். ஆகோ என்றால் கான்டனீஸில் அண்ணன். சீனர் பேட்டையான லத்தாவில் அரிசிக் கடை வைத்திருந்த அவரை, அங்கே மூட்டை தூக்கிய உங்கள் எல்லோருக்கும் தெரியும்.

நானும் தூக்கினேன். அவர் தங்கை மெய்லானைக் கட்டித்தரக் கேட்டபோதும் முதுகில் மூட்டை, இறக்கிவைக்கத் தோன்றவில்லை. ஆகோ நாற்காலியிலிருந்து எழுந்து, கைகூப்பி, "கோ பான் ம் ஹேய்" என்றார். உங்கள் உயரத்துக்கு எங்களால் ஏற முடியாது என்று பொருள். பெரிய இடத்துச் சம்பந்தத்தைப் பணிவாக மறுக்க அவர்கள் சொல்வது. கடையே சிரித்தது. "ஏறிப் பாருங்க முதலாளி, மூட்டை மேல குந்திக்கலாம்" என்றார் கணக்கர்.

மெய்லான் என்னோடு வந்துவிட்டாள். மணமக்கள் மண்டியிட்டுத் தரும் டீயைப் பெரியவர் குடித்தால்தான் சீனர்களுக்கு அது கல்யாணம். நாங்கள் நீட்டிய கோப்பையை ஆகோ வாங்கினார். மெய்லான் முகம் மலர்ந்தது. அவர் அதில் விரல்களைக் கழுவித் துடைத்துக்கொண்டு, "சூடு போதாது" என்றார்.

சீனப் புத்தாண்டு தோறும் அவள் டீ கொண்டுபோனாள். "இந்த வருஷம் குடிப்பாரு, பாருங்க" என்பாள். ஒரு வருஷமும் குடிக்கவில்லை.

கடைசியில் அவர் படுக்கையில் விழுந்தார். பிள்ளைகள் சிங்கப்பூரில். குளியலறைக்கு நான்தான் சுமந்தேன். "இந்த முதுகு மூட்டைக்குத்தான் லாயக்கு" என்பார் என் தோளில் கிடந்தபடி. "மூட்டை வாயாடாது ஆகோ" என்பேன். மெய்லான் டீயை நீட்டினால் மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார்.

சடங்கில் உடலின் முன் டீ வைப்பார்கள். மெய்லான் மண்டியிட்டு ஊற்றினாள். அவர் முகத்தையே பார்த்திருந்தாள். பிறகு கோப்பையை எடுத்துத் தானே குடித்துவிட்டாள்.

"அடிப்பாவி, செத்தவருக்கு வச்சதுடி!" என்று அலறினாள் அவள் சித்தி.

"அவருக்குத்தான் வேணாமே, சித்தி." என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கும் ஊத்தட்டா?"

நல்ல டீ.

ஆகோவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சொற்களை மட்டும்தான். கோ பான் ம் ஹேய். இன்று காலை என் கையாலேயே எழுதிப் பார்த்தேன். தாளில் அரை வரிகூட நிரம்பவில்லை! அடுத்த வாரம் மெய்லானைப் பற்றி எழுதுவேன். அதற்கு நிறையத் தாள் வாங்க வேண்டும்.