கடைசி வளைவில் நின்ற பையன்

தில்லியில் ஜோதிலிங்கத்தின் பிழைப்பு, ஒரு பொய் வெள்ளத்தை ஓட்டுவது. ராணுவத்தில் வண்டி மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், யமுனைக்கு அந்தப் பக்கம் ஒரு கேளிக்கைப் பூங்காவில் ஃபிட்டராகச் சேர்ந்தார். படகு ரைடு அவர் பொறுப்பு. சில வருடங்களுக்கு முன் சக்கைப்போடு போட்ட ஓர் இந்திப் படத்தை வைத்துக் கட்டியது. படகில் ஏறினால் இருட்டுக் குகைக்குள் மழை கொட்டும், இடி இடிக்கும், படகோட்டியின் மகனை வெள்ளம் அடித்துக்கொண்டு போகும். கடைசி வளைவில் ஒரு குடிசை. வாசலில் லாந்தரோடு அம்மா பொம்மை நிற்கும். எதிரே, சொட்டச் சொட்ட நனைந்த பையன் பொம்மை ஓரடி முன்னால் வரும். அம்மாவின் கை உயரும். எல்லோரும் கைதட்டிவிட்டு இறங்கி ஐஸ்கிரீம் வாங்கப் போவார்கள்.

படத்தில் அந்தப் பையன் திரும்புவதே இல்லை. அம்மா வாசலில் நிற்பதோடு சரி. அழுத பிள்ளையோடு இறங்குகிற அப்பன் மறுபடி இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டான் என்று முதலாளிகள்தான் பையனைப் பிழைக்க வைத்திருந்தார்கள். புண்ணியத்துக்குச் செய்யவில்லை. ஆனால் ஜோதிலிங்கத்தின் வீட்டுக்கு அது புண்ணியமாகத்தான் வந்து சேர்ந்தது.

அவருடைய ஒரே மகன் கௌதமன், கல்லூரிக் கடைசி வருடம், ஒரு காலை மெட்ரோ பிடிக்கப் போனவன் திரும்பவில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி, பிணவறை, ஜோசியர் என்று எதையும் பாக்கி வைக்கவில்லை. இருக்கிறான் என்றும் சொல்ல ஆளில்லை, இல்லை என்றும் சொல்ல ஆளில்லை. மயூர் விஹார் ஃபேஸ் த்ரீயில் இருக்கும் வீட்டுக் கதவுக்கு, அன்று முதல் அவர் மனைவி உஷாராணி தாழ்ப்பாள் போட்டதில்லை. வெறுமனே சாத்தி வைப்பாள்.

"இது தில்லிடி. திருடன் வந்தா என்ன செய்வ?" என்று கத்துவார்.

"வந்துட்டுப் போறான். நம்ம புள்ள வந்து தட்டி, நான் அசந்து தூங்கிட்டா?" என்பாள்.

ஊழியர் குடும்பத்துக்கு ரைடு இலவசம். கூட்டமில்லாத புதன்கிழமைகளில் உஷாராணி வருவாள். கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்து ஒரே ஒரு சுற்றுப் போய்விட்டு, யாரிடமும் பேசாமல் பஸ் ஏறிவிடுவாள். அன்றைக்கு மட்டும் மறுசோறு போட்டுச் சாப்பிடுவாள். அவள் படம் பார்த்ததில்லை, பையன் வந்துவிடுகிற கதை என்று நம்புகிறாள் என்று ஜோதிலிங்கம் நினைத்திருந்தார். நம்பட்டும், நமக்கென்ன நஷ்டம் என்று பேசாமல் இருந்தார்.

இந்த வருடம் படம் மறுபடி தியேட்டருக்கு வந்தது. வினையும் கூடவே வந்தது. புது மேனேஜர் மேதா அவரைக் கூப்பிட்டாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண்.

"அங்கிள், ஃபேன்ஸ் எல்லாம் ரொம்பத் திட்றாங்க. முடிவை மாத்திட்டோமாம். பையன் பொம்மைய எடுத்துடலாம், அச்சா?"

"படம் வேணும்னா படத்தப் பாத்துக்கிறாங்க மேடம். இங்க படகுல ஏறத்தான வர்றாங்க? அங்க மூணு மணி நேரம் உக்காந்து அழுது, தேத்திக்கிட்டு எந்திரிச்சுப் போறாங்க. நாம நாலு நிமிசத்துல அழவச்சு எறக்கி விடவா?"

"ஆனா கதையே அதுதான அங்கிள்? அவன் வரமாட்டான், அந்த அம்மா நின்னுட்டே இருப்பாங்க. அவன் வந்துட்டா அது வேற யாரோட கதையோ ஆயிடும்."

அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதுதான் அவருக்கு ஆத்திரம். என் பெண்டாட்டிக்காக விட்டுவையுங்கள் என்று கேட்டிருக்கலாம். ஊரைக் கூட்டி ஒப்பாரி வைக்கிற ஜாதி இல்லை அவர். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குகைக்குள் போனார்.

நட்டுகளைக் கழற்றிப் பொம்மையைத் தோளில் சாய்த்துத் தூக்கி வந்தார். பழைய சாமான் குவியலில் போடச் சொல்லியிருந்தார்கள். மனம் கேட்கவில்லை. கருவி அறை மூலையில் நிற்கவைத்து, ஒரு பழைய போர்வையைக் கழுத்து வரை சுற்றினார். முகத்தை மூடக் கை வரவில்லை.

புதன்கிழமை காலை, "ரைடு ரிப்பேரு, இன்னிக்கு வராத" என்று வீட்டில் பொய் சொல்லிவிட்டுப் போனார். அப்படியும் அவள் வந்து நின்றாள். வேறு வழியில்லாமல் விசையை இன்னொருவரிடம் விட்டுவிட்டு, அவளோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

மழை, இடி, வெள்ளம். கடைசி வளைவு. லாந்தர் மட்டும் எரிந்தது. அம்மா பொம்மையின் கை பழக்கதோஷத்தில் உயர்ந்து, எதிரே யாருமில்லாமல் இறங்கியது.

"எடுத்துட்டாங்களா?" என்றாள்.

"படத்துல அப்படித்தானாம் உஷா. உனக்குத் தெரியாது..."

"எனக்கா தெரியாது? கௌதமன்தான என்னைய அந்தப் படத்துக்குக் கூட்டிட்டுப் போனான். நீங்க அப்ப பட்டாளத்துல இருந்தீங்க. நான் அழுத அழுகைக்கு, 'சும்மா படம்தாம்மா'ன்னு சிரிச்சான்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "படத்துல வரமாட்டான்னு தெரிஞ்சுதாங்க இங்க வந்தேன். இந்த ஒரு எடத்துலயாச்சும் வந்துட்டானேன்னு."

படகு கரை தட்டியது. அவர் உட்கார்ந்தே இருந்தார். அவள்தான் கை கொடுத்து இறக்கினாள்.

சாயங்காலம் சேர்ந்தே வீடு திரும்பினார்கள். உள்ளே நுழைந்ததும் உஷாராணி கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டாள். துருவேறிக் கிடந்ததை இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளவேண்டியிருந்தது. பிறகு அடுப்படிக்குப் போய் அரிசி களைய ஆரம்பித்தாள்.

போடு போடு என்று இத்தனை காலம் கத்தியவர் ஜோதிலிங்கம்தான். இப்போது அந்தத் தாழ்ப்பாளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எழுந்து போய், அவளுக்குக் கேட்காதபடி தாழ்ப்பாளை நீக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.