கரிசலில் ஒரு சூரியகாந்தி

சென்னைப் புகைப்படக் கண்காட்சியில் என் படத்தின் முன்னால்தான் கூட்டம் அதிகம். இதைச் சொல்லும்போதே எனக்குக் கூசுகிறது.

திருச்சுழி போகிற வழியில் இருந்த கரிசல் நிலம் அது. புரட்டாசி மாதம். உழுது சமப்படுத்தி, ஒரு புல்கூட இல்லாமல் கிடந்தது. இப்படியொரு இடத்தைத்தான் மாதக்கணக்கில் தேடிக்கொண்டிருந்தேன். சூரியகாந்திப் பூவின் நடுவில் விதைகள் அமைகிற கணக்கை மண்ணில் பெரிதாக வரைய வேண்டும் என்று ஆசை. ஒவ்வொரு விதையும் முந்தைய விதையிலிருந்து நூற்று முப்பத்தேழரை டிகிரி திரும்பி உட்காரும். அதனால் எந்த விதையும் இன்னொன்றின் இடத்தைப் பிடிக்காது. இயற்கை எவ்வளவு நாகரிகமானது பாருங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

நிலத்துக்காரர் மதுரையில் இருந்தார். போனில் கேட்டேன். "சும்மாதான கெடக்கு, செஞ்சுக்கோங்க" என்றார். டிரோன் வைத்திருந்த நண்பனைக் கூட்டிக்கொண்டு போனேன். கயிறு கட்டி, கோணம் அளந்து, ஒவ்வொரு புள்ளியிலும் தாம்பாளம் அகலத்துக்கு மண்ணைத் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கினோம். இரண்டு நாளில் முக்கால்வாசி முடிந்துவிட்டது.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஒரு அக்கா வேகமாக வந்தார். விளைச்சலில் பங்கு பேசி, அந்த நிலத்தை வாரத்துக்கு எடுத்து விவசாயம் செய்கிறவர். அப்படி ஒருவர் இருப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"என்ன தம்பி செய்றீக? சோளம் வெதச்சு நாலு நாளாச்சே!"

எங்கள் ஊரில் மழைக்கு முன்பே புழுதியில் விதைத்துவிடுவார்கள். விதை மண்ணுக்குள் மழைக்காகக் காத்துக் கிடக்கும். வெளியூர்க்காரன் என்றால் தெரியாது என்று சொல்லித் தப்பிக்கலாம். நான் அருப்புக்கோட்டையில் விதைக் கடைக்காரரின் மகன். சின்ன வயதில் ஆவணி, புரட்டாசி முழுக்க, அண்ணாந்து வானத்தைப் பார்த்தபடி வருகிறவர்களுக்கு விதை நிறுத்துப் போட்டவன்.

தெரியாமல் செய்ததோடு நின்றிருந்தால் என்னை நானே மன்னித்துக்கொள்வேன். தெரிந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. வெளிவட்டம் பாக்கி இருந்தது, வெயில் படம் எடுக்கத் தோதாகச் சாய்ந்திருந்தது.

"மேலாகத்தான்க்கா தட்றோம். ஒண்ணும் ஆகாது" என்றேன். அது பொய். அக்கா என்னையும் கட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். நிலத்துக்காரர் சம்மதித்த ஆள் என்று தெரிந்ததும் வரப்போரம் போய் நின்றுகொண்டார்.

மழை பெய்தது. பத்து நாள் கழித்துப் போனோம். நிலம் முழுக்கப் பச்சை. நாங்கள் இடித்த இடங்களில் மட்டும் ஒன்றும் முளைக்கவில்லை. மேலிருந்து பார்த்தால் பச்சைக்கு நடுவே கறுப்பாக அந்தச் சூரியகாந்தி, ஒரு புள்ளி பிசகாமல். நண்பன் துள்ளிக் குதித்தான். நானும்தான்.

அக்கா ஓரத்தில் குனிந்து, ஒவ்வொரு வட்டமாகக் கொத்திவிட்டு மறுபடி விதை போட்டுக்கொண்டிருந்தார். டிரோன் சத்தம் கேட்டு நிமிர்ந்தார்.

"மேல இருந்து பாத்தா நல்லாருக்கா தம்பி?"

"நல்லாருக்குக்கா."

"நல்லாருந்தாச் சரி" என்று மறுபடி குனிந்தார். குத்தலாகச் சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் பிந்திப் போட்ட விதை முளைத்தது. ஆனால் கதிர் வைப்பதற்குள் மழை நின்றுபோய் அத்தனையும் காய்ந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். போய்ப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

சென்னையில் மாட்டியிருந்தது அன்று எடுத்த படம்தான். ஒரு அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, படத்தின் மூலையில் இருந்த சின்ன சிவப்புப் புள்ளியைக் காட்டிக் கேட்டார்.

"இது யாரோ குனிஞ்சு நிக்கிற மாதிரி இருக்கே. படம் எவ்வளவு பெரிசுன்னு தெரியறதுக்காக நிக்க வச்சீங்களா?"

அது அக்காவின் சேலை.

"ஆமாங்க" என்றேன்.