குடிலில் லூசியாவுக்கு ஓர் இடம்

சூசைமரியான் கண்டனூர் டவுன் பஸ் ஓட்டுகிறவர். காரைக்குடியில் அவர் போகிற மாதா கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் என்றால் அது அவர் கைவேலைதான். ஒரு வருஷம் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் அடிபம்பு வைத்தார். இன்னொரு வருஷம் இடையர்களை ரேஷன் கடை வரிசையில் நிறுத்தினார். சனம் சிரித்தது, போட்டோ எடுத்தது. மண்டை பூராவும் மூளை என்றார்கள். அவரும் அதை அப்படியே நம்பினார், பாவம்.

ஒவ்வொரு வருஷமும் குடில் பாதி எழும்பியதும் மனைவி லூசியா, குடிலில் புல்லாக வைப்பதற்காக வீட்டில் முளைக்கவிட்ட கம்புத் தட்டைத் தூக்கிக்கொண்டு வருவாள். ஒரு சுற்றுப் பார்ப்பாள்.

“எல்லாஞ் சரி. இதுல என்னைய மாதிரி ஒரு பொம்பள எங்குட்டு நிப்பா?”

“பெத்லகேமுல ஒனக்கு என்னடி வேல?” என்று எரிந்து விழுவார் சூசை. பிறகு அந்தக் கேள்வியையே மென்றுகொண்டு பஸ் ஓட்டுவார்.

இந்த வருஷம் லூசியாவுக்கு முட்டியில் ஆபரேஷன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பதே பெரும்பாடு. கேள்வி கேட்க ஆளில்லாமல் நிம்மதியாக வேலையைத் தொடங்கினார். செல்போனில் வீடியோ பார்த்துத் தெர்மாகோல் வளைவு வைத்தார், சீரியல் லைட் கட்டினார். தள்ளி நின்று பார்த்தால் நகைக்கடைத் திறப்பு விழா மாதிரி இருந்தது. பிரித்துப் போட்டார். மறுபடி கட்டினார், அதுவும் விளங்கவில்லை. கடைசியில் பங்குச்சாமியாரிடம் போய், வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டார்.

அன்று வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

“எனக்கு வத்திப்போச்சு லூசி. ஒண்ணுமே தோண மாட்டேங்குது.”

“நீங்க கட்டினாலும் நான் எங்குட்டு நின்னு பாக்க?” என்றாள் அவள் கடுப்பாக. “இந்த முட்டியோட ஒருத்தி வந்தா எங்குட்டு உக்காருவான்னு என்னைக்காச்சும் நெனச்சீகளா?”

சூசையின் கை தட்டிலேயே நின்றது. இந்த வீட்டுக்காக அடிபம்பில் குடத்தோடு நின்றது யார், மாதாமாதம் ரேஷன் வரிசையில் நின்றது யார் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இத்தனை வருஷமும் அவர் கட்டியதெல்லாம் இவளுக்குச் சொன்ன பதில்தான். அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இவளை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

மறுநாள் சாமியாரிடம் போய்க் குடிலைத் திரும்பக் கேட்டு வாங்கினார். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பஸ் சீட்டைக் கொண்டுவந்து, ஆடுகளை ஒதுக்கிவிட்டு, குழந்தை இயேசுவுக்கு முன்னால் போட்டார். வாக்கர் உள்ளே வரட்டும் என்று, குடிலை அடைத்திருந்த மூங்கில் தடுப்பையும் எடுத்துவிட்டார்.

கிறிஸ்துமஸ் காலையில், திருப்பலி முடிகிற நேரத்துக்கு, லூசியாவை ஆட்டோவில் அழைத்துவந்தார். சீட்டில் ஆள் இருந்தது. தெருத்தெருவாய்க் கீரை விற்கிற சோணையம்மாள், செருப்பைக் கழற்றிவிட்டு, கூடையை மடியில் வைத்துக்கொண்டு, இயேசுவோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வீட்டு வேலைக்குப் போகிற ரேணுகா தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுச் சாய்ந்திருந்தாள்.

சூசை பதறிப்போனார். “அக்கா, கொஞ்சம்…”

லூசியா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “சும்மா இருங்க. அலைஞ்சிட்டு வந்திருக்காக, உக்காரட்டும்.”

வாக்கரில் சாய்ந்தபடி வெகுநேரம் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“எல்லாஞ் சரி. இப்ப நான் எங்குட்டு உக்காருறது?”

சூசைக்குக் கோபம் வரவில்லை.

“கேளு லூசி, வருசா வருசம் கேளு” என்று சொல்லிவிட்டு, சேர் எடுக்க ஓடினார்.