லுவானின் மூக்கு

சீனாவின் ஷாண்டோங் சந்தையில் நாற்பது வருஷமாக மந்தோ ரொட்டி அவிக்கும் லுவான் பள்ளிக்கூடம் போனதில்லை, தராசைத் தொட்டதில்லை. புளித்த மாவை முகர்ந்தே சோடா உப்புப் போடுவார். அந்த மூக்குக்கு ஈடு ஜில்லாவில் கிடையாது. போன வாரக் காய்ச்சலில் அவருக்கு வாசனையே தெரியாமல் போயிற்று. மனைவி குய்யிங்கிடம்கூடச் சொல்லவில்லை.

இன்று கல்யாண வீட்டுக்கு இருநூறு மந்தோ. சோடா உப்பைக் குத்துமதிப்பாகப் போட்டார். மூடியைத் திறந்தால், சோடா கூடிப்போய் அத்தனையும் மஞ்சள்.

"என்னங்க, எல்லாத்துக்கும் காமாலையா?" என்ற குய்யிங், வெளுக்கட்டும் என்று பானைத் தண்ணீரில் வினிகரை ஊற்றி மறுபடி அவித்தாள். நெடியில் அவள் கண் கலங்கியது.

வாசலைப் பார்த்து நின்ற லுவான், "வினிகர் எப்ப ஊத்தப்போற? வண்டி வந்துருச்சு" என்றார்.

அவள் காலிப் புட்டியைக் காட்டினாள். "ஊத்தி நேரமாச்சு. எத்தனை நாளா இப்படி?"

லுவான் மாவுப் பலகைமேல் உட்கார்ந்துவிட்டார்.